ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன்

ஆறாவது கடையிலும் கடைக்காரர் என் புருஷனைப் பார்த்துத்தான் பேசினார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பவள் நான். அந்த வயிற்றுக்குள் இருப்பதை உட்கார வைத்துத் தள்ளத்தான் வண்டி. ஆனாலும், "சார், இந்தச் சக்கரத்தப் பாருங்க சார். இந்த பிரேக்கப் பிடிச்சுப் பாருங்க சார்" என்று எல்லாமே சாருக்குத்தான். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. போன கடையில் அதுவும் கிடைக்கவில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எட்டாவது மாதம். கால்கள் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மாலை வரை மறைவதில்லை. வாரம் முழுக்க மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி வேலை. சீட்டை வாங்க வேண்டும், மாத்திரை அட்டையைக் கத்தரிக்க வேண்டும், காலையா ராத்திரியா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கவரின் மேல் எழுதித் தர வேண்டும். கவரைக் கையில் வாங்கிக்கொண்டு, "அப்ப இது எப்பம்மா சாப்பிடணும்?" என்று கேட்பவருக்கு மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதலாளி பாவம் பார்த்து ஒரு உயரமான ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் நான் ஏறி உட்காருவதற்குள் அடுத்த ஆள் வந்து நிற்பார். ஞாயிறு ஒன்றுதான் எனக்கென்று மிச்சம். அதையும் சில வாரங்களாக இந்த வண்டி தின்றுகொண்டிருந்தது.

ஒரு வண்டி வாங்க இத்தனை கடையா என்று கேட்கலாம். மற்றவர்களுக்கு ஒரு கடை போதும். நாங்கள் ஓடுகிறவர்கள்.

அவன் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். விசில் கழுத்தில் இல்லாவிட்டாலும் இருப்பது போலவே பேசுவான். காலையில் ஓடும் கூட்டம் ஒன்றில்தான் பழக்கம். முதல் நாள் அவனை நான் பார்த்தது முதுகுப் பக்கமாக. பாலத்து ஏற்றத்தில் அந்த முதுகைத் தாண்டிப் போனேன். இறக்கத்தில் நீளக் கால்களைப் போட்டு அவன் என்னைத் தாண்டினான். அதற்கப்புறம் கொஞ்ச நாள் இதே பிழைப்பாக இருந்தோம். கூட்டத்தில் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தார்கள், எனக்கு எறும்பு. இரண்டும் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறது என்றபோது சிரித்து உருளாத ஆளில்லை. வீடு தேடும்போது கூட, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்று தெரிந்ததும் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். நாங்கள் அதனாலேயே பிடித்தோம். தினமும் படி ஏறினால் தொடைக்கு நல்லது என்று அவன் சொன்னான். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் லேசாக ரத்தம் பட்டது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இனிமேல் ஓட வேண்டாம், மெல்ல நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் தனியாகத்தான் போகிறான். விடிந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டுவான். "ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன்" என்பான். தடதடவென்று படியில் இறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்கும். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வரும்போது, "எப்படி இருந்துச்சு?" என்று தினமும் கேட்பேன். பாலத்தில் பனி இருந்ததா, யார் யார் வந்தார்கள், அந்தக் கிழட்டு நாய் இன்னும் துரத்துகிறதா, எதையாவது சொல்ல மாட்டானா என்று இருக்கும்.

"சும்மாதான்" என்பான். குளிக்கப் போய்விடுவான்.

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருந்தது. பிரசவத்தை நினைத்து இல்லை. பிள்ளை பிறந்த பிறகும் நான் இப்படியே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேனோ, படியில் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிழவியாகிவிடுவேனோ என்று பயம். கவுண்டரில் நின்று வரும் சோர்வு வேறு, ஓடி முடித்து வரும் சோர்வு வேறு. முதலாவது என்னைத் தின்கிறது. இரண்டாவதை நான் தேடிப் போய் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு அந்த இரண்டாவது திரும்ப வேண்டும்.

அதனால்தான் வண்டி. ஓடுகிறவர்களுக்கென்றே மூன்று சக்கரத்தில் ஒன்று வருகிறது. குழந்தையை அதில் கட்டி உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடலாம். வருஷா வருஷம் எங்கள் ஊரில் நடக்கும் பெரிய ஓட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓடுவோம். அடுத்தது வரும்போது குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்திருக்கும். மூன்று பேராக ஓடுவோம் என்று கூட்டத்தில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. இந்தக் கால்களையும் இந்த முதுகையும் வைத்துக்கொண்டு நான் கடை கடையாக ஏறி இறங்கியது அந்த மூன்று பேர் என்ற வார்த்தைக்காகத்தான்.

இரண்டு பிள்ளை பெற்ற என் அக்கா போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"வண்டிய அப்புறம் பாருங்க. முதல்ல உங்க மாடிப்படிய அளந்துட்டுக் கடைக்குப் போங்க."

நான் அதை அவனிடம் சொன்னேன். "படியா? நாம ஓடி ஏறுற படி அது" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அக்கா ஓடாதவள், அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு கடைக்கும் அவன் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வெறும் வண்டியைத் தள்ளிப் பார்த்து ஒன்றும் தெரியாதாம். பையை வண்டியில் வைத்து, பெல்ட் போட்டு, கடைக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் ஓடுவான். பழக்க தோஷம், நான் போனில் நேரம் பார்ப்பேன். ஒரு வண்டி இடப் பக்கம் இழுத்தது. இன்னொன்றில் காலை நீட்டி வைத்தால் அச்சில் இடித்தது. மற்றொன்று குலுங்கிய குலுங்கலில் அரிசிப் பையின் தையல் பிரிந்தது. அங்கே அரிசியைக் கூட்டிப் பெருக்கி எடுத்தவள் நான்தான். குனிய முடியாமல், மண்டியிட்டு.

ஆறாவது கடையில் ஒரு வண்டி எதற்கும் மசியவில்லை. நேராக ஓடியது, குலுங்கவில்லை, இழுக்கவில்லை. அவன் இரண்டு தடவை சுற்றிவிட்டு முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"இதுதான். நீயும் பிடிச்சுப் பாரு."

எழுந்து போய்ப் பிடித்தேன். கைப்பிடி என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. அதை எட்டிப் பிடிக்கலாம் என்றால் நடுவில் வயிறு.

"இது எனக்கில்ல, ஒட்டகத்துக்கு" என்றேன்.

"இறக்கிக்கலாம். இங்க ஒரு லீவர் இருக்கு பாரு."

அவன் லீவரைத் தேடிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்தபடி, போகிற போக்கில் சொன்னார்.

"ஆனா சார், ஓடறது எல்லாம் பிறந்து எட்டு மாசமாவது போகட்டும். குழந்தைக்குக் கழுத்து நல்லா நிக்கணும். அதுவரைக்கும் இதுல வெச்சு நடந்தே போங்க. எல்லாருக்கும் சொல்லித்தான் குடுக்கறோம்."

சக்கரம், அச்சு, பிரேக் என்று எல்லாவற்றையும் அலசிய இரண்டு பேருக்கும் கழுத்து என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரவில்லை. மூன்று மாதக் குழந்தைக்கு அது எப்படி நிற்கும்? மருந்துக்கடையில் நிற்கிறவளுக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"அப்ப ரேஸ்?" என்று அவனைப் பார்த்தேன்.

அவன் லீவரிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "பரவால்ல விடு. எப்படியும் நான் எனக்கு மட்டும்தான் பேர் குடுத்திருக்கேன்."

"எப்ப?"

"போன வாரம். கடைசி நாள்னாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"உன்னால எப்படியும் ஓட முடியாதுல்ல? நீ முடிவுக் கோட்டுல நிப்பேன்னு நெனச்சேன். நான் வண்டியோட வந்து சேருவேன், உடனே நீ பால் குடுக்கலாம்ல."

நல்ல மனுஷன். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அவன் கணக்கில் மூன்று பேர் என்பது ஓடுகிற இரண்டு பேரும், பாலோடு நிற்கிற ஒருத்தியும். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும். கடைக்காரர் சட்டென்று என் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்றேன். கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்கும் தெம்பு வேண்டும். ஓட முடியாத வண்டியை இப்போது எதற்கு வாங்குகிறோம் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஏழாவது கடை வரும். "இதையே வாங்கு, கிளம்பலாம்" என்றேன். உலகத்தில் பாதிப் பொருள்கள் இப்படித்தான் விற்பனையாகின்றன என்று நினைக்கிறேன்.

டாக்சியில் வண்டி மடங்கி எங்கள் முழங்கால்களின் மேல் கிடந்தது. நான் ஒரு பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், அவன் மறுபக்கக் கண்ணாடியைப் பார்த்தான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவன் வண்டியை விரித்தான். மடித்துத் தூக்கினால் பிடி கிடைக்கவில்லையாம். அரிசிப் பையையும் அதிலேயே வைத்து பெல்ட் போட்டான். "இதுவும் ஒரு எக்சர்சைஸ்தான்" என்று என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தான். நான் சிரிக்கவில்லை. அவன் மேலே நின்று பின்பக்கமாகப் படி ஏறி வண்டியை இழுத்தான். நான் கீழே, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக.

முதல் மாடி ஒரு வழியாக வந்தது. இரண்டாம் மாடியும் வந்தது. அதற்கு மேல் படி திரும்பும் இடத்தில் இரண்டாம் மாடிக்காரர் ஒரு செருப்பு அலமாரி போட்டிருக்கிறார். நாங்கள் தினம் அதை ஒரு பக்கமாக உடம்பைச் சாய்த்துத் தாண்டுவோம். தாண்டுகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. வண்டிக்கு உடம்பைச் சாய்க்கத் தெரியவில்லை. ஒரு பின்சக்கரம் கம்பிகளுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டது. இன்னொன்று படிக்கு வெளியே அந்தரத்தில் நின்றது. கைப்பிடி அவன் அடிவயிற்றில்.

இழுத்தான். தூக்கினான். விசில் ஊதாத குறையாக மூச்சு விட்டான்.

"அந்தப் பின்சக்கரத்தக் கழட்டினாப் போதும், வந்துடும். ஸ்பேனர் மேல கிச்சன் டிராயர்ல இருக்கு."

"போய் எடுத்துட்டு வா."

"நான் விட்டா இது மொத்தமா கீழ வந்துடும். நீ போறியா?"

இரண்டு பேரும் வண்டியைப் பார்த்தோம். அதற்கும் சுவருக்கும் நடுவில் என் வயிறு போகும் அளவுக்கு இடமில்லை. மேலே போகிற வழி வண்டியால் அடைபட்டிருந்தது. கீழே போகிற வழி மட்டும் திறந்திருந்தது. இரண்டாம் மாடிக் கதவைத் தட்டலாம் என்று பார்த்தேன். பூட்டு தொங்கியது. நான் படியில் உட்கார்ந்தேன். இனி எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

"அக்கா சொன்னா" என்றேன்.

"சொன்னாங்கதான்."

"இந்தப் படில நான் தினம் ஒரு கையில குழந்தையும் ஒரு கையில இந்த ராட்சசனையும் தூக்கிட்டு இறங்கணும். நீ ஸ்கூலுக்குப் போயிருப்ப."

அவன் வண்டியை மறு கைக்கு மாற்றிப் பிடித்தான்.

"எனக்குப் பயமா இருக்குப்பா" என்றேன். இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று எனக்கே ஆச்சரியம். "நீ தினம் காலைல போற. நான் படுத்துக்கிட்டே உன் கால் சத்தத்தக் கேக்கறேன். குழந்தை வந்தாலும் இப்படித்தான் இருக்கப்போகுது. நீ ஓடுவ, நான் கோட்டுல நிப்பேன். நீ எனக்குப் பேர் குடுக்காததுகூட பெருசில்ல. என்னால ஓட முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா எனக்கு ஓடணும்னு இருக்கும்ங்கறதே உனக்குத் தோணல பாரு. அதுதான் தாங்கல."

"அப்படி இல்ல" என்று ஆரம்பித்தான். அப்புறம் நிறுத்திக்கொண்டான். வண்டியின் கனம் அவனை நீளமாகப் பேச விடவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக வண்டிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

"கை விட்டுப் போகுது. கீழ போய் யாரையாவது கூப்பிட்டு வரியா?" என்றான்.

கம்பியைப் பிடித்து எழுந்தேன். அவனைப் பார்த்தேன். தலைக்கு மேலே மூன்றாம் மாடி விளக்கு, காலுக்குக் கீழே வண்டி, அதில் அரிசி. மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. விட்டுவிட்டு நகரவும் முடியாது. நான் யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்தது.

"கூப்பிடறேன். முதல்ல ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன்."

"என்னது?"

"ஒரு சுத்து."

"விளையாடாத. எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியல" என்றேன். படி இறங்கினேன். என் கால் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். தடதடவென்று இல்லை, தொப் தொப்பென்று.

தெருவில் வெயில் இறங்கியிருந்தது. சலவைக் கடைக்காரர் பாதி ஷட்டரை இழுத்துவிட்டு மீதிப் பாதிக்குள் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார். மூலையில் அந்தக் கிழட்டு நாய் படுத்திருந்தது. எங்களை எத்தனையோ காலைகளில் துரத்திய நாய். இன்றைக்கு என்னைப் பார்த்து ஒரு கண்ணைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டது. எனக்கு ரோஷமே வந்துவிட்டது.

பாலம் வரை போக வேண்டும் என்று நினைத்துக் கிளம்பவில்லை. கால் தானாகப் போனது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் வழக்கம்போல உடம்பு முன்னால் சாய்ந்தது. வயிறு அதை நிமிர்த்திப் பின்னால் தள்ளியது. மெல்ல ஏறினேன். இரண்டு தரம் நின்றேன். நடுவில் உள்ளே ஒரு உதை விழுந்தது. "தெரியுதா? இதுதான் அந்த ஏத்தம்" என்று சொன்னேன். எதிரே வந்த ஒருவர் யாரிடம் பேசுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார்.

உச்சியில் காற்று இருந்தது. கம்பியில் சாய்ந்து நின்றேன். மூச்சு வாங்கியது. கழுத்தில் வியர்வை. கால் கடுத்தது, ஆனால் கவுண்டரில் கடுப்பது போல இல்லை. இது நான் தேடிப் போய் வாங்கிக்கொண்ட சோர்வு. மாதக்கணக்கில் காணாமல் போயிருந்தது, இதே இடத்தில்தான் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அங்கே ஒட்டகம் படியில் மாட்டிக்கொண்டு நிற்பது ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. மூச்சு நிதானத்துக்கு வரும்வரை நின்றுவிட்டுத்தான் இறங்கினேன்.

தரைத் தளத்துத் தையல்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "தைச்சிட்டிருக்கறத முடிச்சிட்டு வந்துடறேன்மா. ஸ்பேனர் என்கிட்டயே இருக்கு" என்றார். நான் படி ஏறினேன்.

அவன் வண்டியை விடவில்லை. படியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் வண்டியில் முட்டுக் கொடுத்து, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்திருந்தான். பாரத்தைக் குறைக்க அரிசிப் பையை அவிழ்த்து எடுத்திருக்கிறான் போல. கீழே வைக்க இடமில்லாமல் அது அவன் தோளில் சாய்ந்து கிடந்தது. இன்னொரு கை அதன் மேல் இருந்தது. சட்டையெல்லாம் வியர்வை. ஓடாமலே இவ்வளவு வியர்த்து நான் அவனைப் பார்த்ததில்லை.

கோபப்படுவான் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவன் என்னை, என் ஈரக் கழுத்தை, சிவந்திருந்த முகத்தைப் பார்த்தான்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டிக்குக் கீழ்ப்பக்கம் இருந்த படியில் உட்கார்ந்தேன்.

"சும்மாதான்" என்றேன்.

அந்த வார்த்தை அவனுக்குள் எங்கே போய் விழுந்தது என்று முகத்தில் தெரிந்தது. தோளிலிருந்து சரிந்த பையை மேலே ஏற்றிக்கொண்டான்.

"இல்ல" என்றான். "முழுசா சொல்லு. எந்த வழியா போன?"

கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நான் நாயிலிருந்து ஆரம்பித்தேன்.